கொடைக்கும் காவல் நிலையத்துக்கும் நடுவே

(செவ்வாப்பேட்டையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

அரசுப் பள்ளியில் படிக்கும் பெண் பிள்ளைக்கு அரசு என்னென்ன தருகிறது என்று கேட்டால், இங்கே உட்கார்ந்திருக்கும் யாரும் விரல்விட்டுச் சொல்லிவிடுவீர்கள். பாடப்புத்தகம், சீருடை, புத்தகப்பை, காலணி, பஸ் பாஸ், மதியச் சாப்பாடு, பதினொன்றாம் வகுப்பில் சைக்கிள், புதுயுகம் திட்டத்தில் நாப்கின், கல்லூரியில் சேர்ந்தால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய். அதே பிள்ளைக்கு யாராவது பாலியல் தீங்கு செய்துவிட்டால் என்ன செய்வது என்று கேட்டாலும் பதில் தெரியும்: போக்சோ சட்டம், 1098, மகளிர் காவல் நிலையம். இந்த இரண்டுக்கும் நடுவில் நின்று ஒரு கேள்வி கேட்கிறேன். பெண் என்ற ஒரே காரணத்துக்காக ஒரு பிள்ளையை ஒரு பாடப்பிரிவில் சேர்க்கத் தயங்குகிறார்கள், பி.இ.டி. பீரியடில் மைதானத்தைப் பையன்களிடம் கொடுத்துவிட்டு அவளை வகுப்பிலேயே உட்காரச் சொல்கிறார்கள். மாதவிலக்கு என்று ஒதுக்கி வைக்கிறார்கள். கல்யாணம் பேசி முடித்துவிட்டார்கள் என்று தெரிந்ததும் டி.சி. எழுதிக் கொடுக்கிறார்கள். அவள் யாரிடம் போய்ச் சொல்ல வேண்டும்? எத்தனை நாளில் பதில் வர வேண்டும்? சொன்னதற்காக அவளை யாரும் கறுவிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்வது யார் பொறுப்பு? இவற்றில் பெரும்பாலானவை போலீஸ் வழக்குப் போடும் குற்றங்கள் அல்ல. எந்த இலவசப் பொருளைக் கொடுத்தும் இவற்றைச் சரிசெய்யவும் முடியாது. தரும் கை ஒரு பக்கம், தண்டிக்கும் கை மறுபக்கம். நடுவில் கேட்கும் காது இல்லை. என் பேச்சு முழுவதும் அந்த இடைவெளியைப் பற்றித்தான்.

கதவு அடைபட்ட கதை நமக்குப் பழையது. ஏறக்குறைய நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன்பு முத்துலட்சுமி ரெட்டி புதுக்கோட்டை மகாராஜா கல்லூரியில் சேர விண்ணப்பித்தபோது, ஒரு பெண் வகுப்பில் வந்து உட்கார்ந்தால் பையன்கள் கெட்டுப்போவார்கள் என்று எதிர்ப்புக் கிளம்பியது. மன்னர் மார்த்தாண்ட பைரவ தொண்டைமான் அதை ஒதுக்கித் தள்ளி இடம் கொடுத்தார், உதவித்தொகையும் கொடுத்தார். 1912-ல் முத்துலட்சுமி மருத்துவப் படிப்பை முடித்தார். இதை நாம் பெருமையோடு சொல்கிறோம், சொல்லவும் வேண்டும். ஆனால் அவருக்குக் கிடைத்தது ஒரு மன்னரின் தயவு. மன்னர் அன்றைக்கு வேறு மாதிரி நினைத்திருந்தால், மேலே போய்க் கேட்க அவருக்கு ஓர் இடம் இருந்திருக்காது.

குடியரசு வந்த பிறகு இது தலைகீழாக மாறியிருக்க வேண்டும். அரசியல் சட்டத்தின் 15-ஆம் பிரிவு மதம், இனம், சாதி, பால், பிறந்த இடம் ஆகியவற்றின் பெயரால் அரசு பாகுபாடு காட்டக் கூடாது என்கிறது. ஆனால் அதே சட்டத்தின் 29-ஆம் பிரிவு, அரசு நடத்தும் அல்லது அரசுப் பணம் பெறும் கல்வி நிறுவனத்தில் அனுமதி மறுக்கக் கூடாத காரணங்களைச் சொல்லும்போது மதம், இனம், சாதி, மொழி என்ற நான்கோடு நின்றுவிடுகிறது. ‘பால்’ என்ற சொல் அந்த வரிசையில் இல்லை. ஒரு சொல் விட்டுப்போனால் என்ன என்று தோன்றலாம். 1950-களின் தொடக்கத்தில் சென்னைப் பல்கலைக்கழகம், தன் அனுமதி இல்லாமல் பெண்களைச் சேர்க்க வேண்டாம் என்று இணைப்புக் கல்லூரிகளுக்குச் சொல்லியிருந்தது. அன்று சென்னை மாகாணத்தில் இருந்த தென் கன்னட மாவட்டத்தில் ஒரு மாணவிக்கு அதனால் இடம் மறுக்கப்பட்டது. வழக்கு சென்னை உயர்நீதிமன்றத்துக்கு வந்தது. முடிவில் பல்கலைக்கழகத்தின் பக்கமே தீர்ப்பானது. கல்லூரி அனுமதியைப் பற்றிப் பேசுவது 29-ஆம் பிரிவு, அதில் பால் என்ற சொல் இல்லை என்பது அதற்குச் சொன்ன காரணங்களில் ஒன்று. ஒரு பெண்ணின் படிப்பு, விட்டுப்போன ஒரு சொல்லின் வழியே நழுவிப் போனது. உரிமையை எழுதும்போது ஏன் ஒவ்வொரு சொல்லுக்கும் மல்லுக்கட்ட வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை.

நம் காலத்திலும் கதவு அடைபட்டே இருந்தது. உடுமலைப்பேட்டைக்கு அந்தப் பக்கம் அமராவதி நகரில் இருக்கும் சைனிக் பள்ளி 1962-ல் தொடங்கியது. பொதுப் பணத்தில் நடக்கும் உறைவிடப் பள்ளி அது. நாட்டிலுள்ள மற்ற சைனிக் பள்ளிகளைப் போலவே அங்கும் ஆண் பிள்ளைகளுக்கு மட்டும்தான் இடம். மிசோரம் மாநிலத்துப் பள்ளி ஒன்றில் சோதனையாகப் பெண்களைச் சேர்த்த பிறகு, 2021-22 கல்வியாண்டில்தான் எல்லா சைனிக் பள்ளிகளும் அவர்களுக்குத் திறந்தன. அதே 2021 ஆகஸ்டில், தேசியப் பாதுகாப்பு அகாடமியின் நுழைவுத் தேர்வைப் பெண்களும் எழுதலாம் என்று உச்ச நீதிமன்றம் இடைக்கால உத்தரவு போட்டது. கிட்டத்தட்ட அறுபது ஆண்டுகள் தமிழ்நாட்டுக்குள்ளேயே ஒரு பொதுப் பள்ளி பாதிப் பிள்ளைகளுக்கு மூடியிருந்தது. அந்த அறுபது ஆண்டும் 15-ஆம் பிரிவு புத்தகத்தில் இருந்தது. எழுதி வைத்த உரிமை, கேட்க ஆளும் இடமும் இல்லாதபோது எவ்வளவு காலம் சும்மா இருக்கும் என்பதற்கு இந்த அறுபது ஆண்டே சாட்சி.

இனி வகுப்பறைக்கு வருவோம். 2025 ஏப்ரலில் கோவை மாவட்டம் செங்குட்டைப்பாளையத்தில் ஒரு தனியார் பள்ளியில் எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி வகுப்பறைக்கு வெளியே படிக்கட்டில் உட்கார்ந்து ஆண்டுத் தேர்வு எழுதினாள். அவள் சில நாட்களுக்கு முன்புதான் வயதுக்கு வந்திருந்தாள். மடியில் விடைத்தாள், பக்கத்தில் பேனாவும் தண்ணீர் பாட்டிலும், உள்ளே மற்றப் பிள்ளைகள் பெஞ்சில். தாய் அதைக் கைபேசியில் படம் பிடித்தார். படம் பரவியது. தலைமையாசிரியர் இடைநீக்கம் செய்யப்பட்டார், கல்வி அமைச்சர் கண்டித்தார். வீட்டாரே தனி இடம் கேட்டார்கள் என்ற பேச்சும் எழுந்தது. அந்தப் பேச்சை அப்படியே ஒப்புக்கொண்டாலும் பள்ளியின் பொறுப்பு ஒரு துளிகூடக் குறையாது. வீட்டில் இருக்கும் தீட்டு வழக்கத்தை வாசலிலேயே நிறுத்திவிட்டுப் பிள்ளையை மட்டும் உள்ளே அழைத்துக்கொள்வதற்குத்தான் பள்ளி இருக்கிறது. நான் கவலையோடு கேட்பது இன்னொன்று. அந்தத் தாயிடம் கேமரா உள்ள கைபேசி இல்லாமல் இருந்திருந்தால்? படிக்கட்டில் உட்கார்ந்தபடி அந்தப் பிள்ளை யாரிடம் முறையிட்டிருக்க முடியும்? தலைமையாசிரியரிடம்தான். யார் பொறுப்பில் அந்தத் தவறு நடந்ததோ அவரிடமே. இன்றைக்கு நம் பிள்ளைகளின் நியாயம் வீடியோ பரவுவதை நம்பி நிற்கிறது. படம் பிடிக்க முடியாத பாகுபாடு எவ்வளவோ இருக்கிறது.

இங்கே ஒரு மறுப்பு வரும், நியாயமான மறுப்புதான். “பெண் பிள்ளைகள்தானே முந்திக்கொண்டு இருக்கிறார்கள்? ஒவ்வொரு வருஷமும் பிளஸ் டூ ரிசல்ட்டில் அவர்கள்தானே மேலே?” உண்மை. 2024-ல் பிளஸ் டூ தேர்வில் மாணவிகளின் தேர்ச்சி 96.44 சதவீதம், மாணவர்களுடையது 92.37 சதவீதம். இந்தப் பிள்ளைகளின் உழைப்புக்கு என் தலை தாழ்ந்த வணக்கம். ஆனால் தேர்ச்சி விகிதம் சொல்வது, எழுதிய பாடத்தில் எத்தனை பேர் ஜெயித்தார்கள் என்பதை மட்டும்தான். எந்தப் பாடத்தை எடுக்க விட்டார்கள் என்பதை அது சொல்லாது. தொழிற்கல்விப் பிரிவு இருக்கும் பள்ளிகளைப் பாருங்கள். பெண் பிள்ளைக்கு என்றால் பெரும்பாலும் நர்சிங், தையல், ஆடை வடிவமைப்பு. பையனுக்கு என்றால் மெக்கானிக், எலக்ட்ரிக்கல். எந்த அரசாணையும் இப்படிப் பிரிக்கச் சொல்லவில்லை. “பொட்டப்புள்ளைக்கு எதுக்கும்மா லேத்து மெஷின்” என்ற ஒரு வாக்கியமே போதுமானதாக இருக்கிறது.

இந்த ஊரில் இதைச் சொல்லும்போது அதன் விலை என்ன என்பதையும் சொல்ல வேண்டும். கிழக்கே அம்பத்தூர், பக்கத்திலேயே காக்களூர் தொழிற்பேட்டை, வடக்கே கும்மிடிப்பூண்டி சிப்காட், தேர்வாய் கண்டிகை, தெற்கே திருப்பெரும்புதூர். இவ்வளவு தொழிற்சாலைகளுக்கு நடுவில் பிள்ளைகளை வளர்க்கிறோம். பிட்டர், டர்னர், வெல்டர் என்று கையில் தொழிலோடு போகிறவருக்கும், அசெம்பிளி லைனில் நிற்க ஒப்பந்தத்தில் போகிறவருக்கும் சம்பளத்திலும் நிரந்தரத்திலும் இருக்கும் வித்தியாசம் இங்கே எல்லா வீட்டுக்கும் தெரியும். பதினைந்து வயதில் பாடப்பிரிவு எழுதும் தாளில் அந்த வித்தியாசம் தொடங்குகிறது. 2024 ஜூனில் திருப்பெரும்புதூர்ப் பகுதியின் கைபேசித் தொழிற்சாலை ஒன்றில், திருமணமான பெண்களை வேலைக்கு எடுப்பதில்லை என்று செய்தி வந்தபோது நாடே பேசியது. 1976-ஆம் ஆண்டின் சம ஊதியச் சட்டத்தை எடுத்துக் காட்டி மத்திய அரசு மாநிலத் தொழிலாளர் துறையிடம் அறிக்கை கேட்டது. தொழிற்சாலை வாசலில் பாகுபாடு என்றால் கேட்பதற்குச் சட்டத்தின் பெயரும் துறையின் பெயரும் நம் நாக்கில் வருகின்றன. பள்ளி வாசலில் அப்படி ஒரு பெயர் வருவதில்லையே, ஏன்?

சட்டமே இல்லை என்று நான் சொல்லவில்லை. சட்டம் இருக்கிறது, துண்டு துண்டாக இருக்கிறது. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ளது. பாலினத்தால் பின்தங்கியவர்களையும் அரசு அறிவிக்கையின் மூலம் வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவில் சேர்க்க அதில் வழி இருக்கிறது, அப்படிப்பட்ட பிள்ளைகளிடம் பாகுபாடு காட்டாமல் பார்த்துக்கொள்வது அரசின் கடமை என்றும் இருக்கிறது. ஆண், பெண் பிள்ளைகளுக்குத் தனித்தனிக் கழிப்பறை வேண்டும் என்று அதன் அட்டவணை சொல்கிறது. அடிப்பதையும் மனத்தைப் புண்படுத்துவதையும் 17-ஆம் பிரிவு தடுக்கிறது. 32-ஆம் பிரிவு என்று ஒன்று உண்டு. அதை இங்கே இருக்கும் பெற்றோர் ஒவ்வொருவரும் மனத்தில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். பிள்ளையின் உரிமை தொடர்பாக யார் வேண்டுமானாலும் உள்ளூர் அதிகார அமைப்புக்கு எழுத்தில் புகார் தரலாம். இரு தரப்பையும் கேட்டு மூன்று மாதத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். முடிவு திருப்தி இல்லையென்றால் மாநிலக் குழந்தைகள் உரிமைகள் பாதுகாப்பு ஆணையத்திடம் மேல்முறையீடு செய்யலாம். நல்ல பிரிவு. ஆனால் மூன்று மாதம் என்பது பெரியவர்களின் கணக்கு. ஒரு பருவத் தேர்வு முடிந்து அடுத்த பருவம் பாதிக்கு வந்திருக்கும். அதற்குள் அந்தப் பிள்ளை அதே வகுப்பில், அதே ஆசிரியரின் முன்னால், எத்தனை நாள் உட்கார்ந்திருக்க வேண்டும்? தவிர, அந்தச் சட்டம் ஆறு வயது முதல் பதினான்கு வயது வரைக்குமானது. பெண் பிள்ளையின் படிப்பு மிகவும் ஆட்டம் காண்பது பதினான்குக்கும் பதினெட்டுக்கும் இடையில். மிகவும் தேவைப்படும் வயதில் அந்தக் குடை மடங்கிவிடுகிறது.

இன்னொரு வினோதத்தையும் பாருங்கள். விசாகா வழக்கில் 1997-ல் உச்ச நீதிமன்றம் வழிகாட்டியது. அதிலிருந்து 2013-ல் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் வந்தது. 2015-ல் பல்கலைக்கழக மானியக் குழு அதைக் கல்லூரி மாணவர்களுக்கென்று தனி ஒழுங்குமுறையாக விரித்து எழுதியது. புகாரை விசாரிக்கும் உள்ளகக் குழுவில் ஆசிரியர்கள் மட்டும் போதாது; மாணவர் தொடர்பான புகார் என்றால் மாணவர் பிரதிநிதிகளும் உட்கார வேண்டும். பள்ளிகளுக்கு அந்த அளவுக்கு விரிவான ஏற்பாடு தேசிய அளவில் வரவில்லை. மார்ச் மாதம் பிளஸ் டூ தேர்வு எழுதும் பெண், ஜூலையில் திருவள்ளூரிலோ ஆவடியிலோ ஒரு கல்லூரியில் சேர்ந்ததும், குழு, உறுப்பினர் பெயர், காலக்கெடு எல்லாம் அவளுக்காகக் காத்திருக்கின்றன. நான்கு மாதத்துக்கு முன்பு, இன்னும் சிறியவளாக, இன்னும் பயந்தவளாக இருந்தபோது அவளுக்கு இவை இல்லை. வயது குறையக் குறையப் பாதுகாப்பு கூட வேண்டும். நம் ஏற்பாடு அதற்கு நேர்மாறாக இருக்கிறது.

தமிழ்நாட்டு அரசு கையைக் கட்டிக்கொண்டு இருக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 2021-ல் சென்னையில் ஒரு தனியார் பள்ளியின் ஆன்லைன் வகுப்பில் ஆசிரியர் மாணவிகளிடம் அத்துமீறினார் என்ற விவகாரம் வெடித்த பிறகு, பள்ளிதோறும் மாணவர் பாதுகாப்பு ஆலோசனைக் குழு அமைக்க ஆணை வந்தது. 14417 என்ற உதவி எண் பள்ளிச் சுவர்களில் ஏறியது. ‘மாணவர் மனசு’ என்ற புகார்ப் பெட்டி வந்தது. பெயரே அழகு. அந்தப் பெட்டியைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். பள்ளியில் பெட்டி மாட்ட எல்லாருக்கும் முதலில் தோன்றும் இடம் அலுவலக அறையின் பக்கம். சீட்டைப் போட வரும் பிள்ளை, எச்.எம். அறையையும் ஸ்டாஃப் ரூமையும் கடந்துதான் வர வேண்டும். இடைவேளையில் வந்தால் நாற்பது கண்கள் பார்க்கும். வகுப்பு நேரத்தில் வந்தால் “எங்கே போகிறாய்” என்ற கேள்வி வரும். எழுதுவதோ ரூல் போட்ட நோட்டில் கிழித்த தாள். தினமும் நோட்டுத் திருத்துகிற ஆசிரியருக்குக் கையெழுத்து தெரியாதா? பூட்டின் சாவி யாரிடம் இருக்கிறது, திறக்கும்போது வெளியாள் ஒருவர் கூட இருக்கிறாரா, உள்ளே கிடந்த சீட்டுகளை எண்ணிப் பதிவேட்டில் எழுதுகிறார்களா, சீட்டு எழுதியவளுக்கு என்ன பதில் போகிறது? பெட்டி என்பது தகரமும் பூட்டும்தான். இந்தக் கேள்விகளுக்கு விடை இருந்தால் அது உரிமை ஆகும். விடை இல்லாத பெட்டி, பிள்ளையின் மனத்தில் இருப்பதை வாங்கி வைத்துக்கொண்டு அவளைத் திருப்பி அனுப்புகிற இடமாகிவிடும்.

அமெரிக்காவில் இதே இடைவெளியை எப்படி நிரப்பப் பார்த்தார்கள் என்பதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள ஒன்று உண்டு. 1972 ஜூன் 23-ல் அங்கே டைட்டில் நைன் என்ற சட்டப் பிரிவு கையெழுத்தானது. ஆங்கிலத்தில் வெறும் முப்பத்தேழு சொற்கள். மத்திய அரசின் பணம் பெறும் எந்தக் கல்வித் திட்டத்திலும் பாலைக் காரணமாக்கி யாரையும் விலக்கக் கூடாது என்பது அதன் சாரம். அதற்காகப் போராடியவர்களில் ஒருவர் பாட்ஸி மிங்க். பெண் என்பதால் மருத்துவக் கல்லூரிகள் அவருக்கு இடம் மறுத்திருந்தன. முப்பத்தேழு சொற்களால் மட்டும் ஒன்றும் நடந்துவிடவில்லை. 1975-ல் வந்த விதிகள்தான் அதற்குக் கைகால் கொடுத்தன. ஒவ்வொரு பள்ளி நிர்வாகமும் இதற்கென்று ஒரு பொறுப்பாளரை நியமிக்க வேண்டும்; அவர் பெயர், அலுவலக முகவரி, தொலைபேசி எண் மூன்றையும் எல்லா மாணவருக்கும் தெரிவிக்க வேண்டும்; புகாரை விசாரிக்கும் முறையை எழுதி வெளியிட வேண்டும். அதன்பின் நீதிமன்றங்கள் சேர்ந்துகொண்டன. ஜார்ஜியா மாநிலத்தில் ஐந்தாம் வகுப்புச் சிறுமி ஒருத்தியை உடன் படித்த பையன் தொடர்ந்து தொல்லைப்படுத்தினான். தாயும் மகளும் திரும்பத் திரும்பச் சொல்லியும், அவன் பக்கத்திலிருந்து இடம் மாறி உட்காரவே அவளுக்கு மூன்று மாதம் ஆனது. தெரிந்தும் அலட்சியம் காட்டினால் பள்ளி நிர்வாகம் பதில் சொல்லியாக வேண்டும் என்று 1999-ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் சொன்னது. ஒரு பெஞ்ச் மாற்றம் நாட்டின் உச்ச நீதிமன்றம் வரை போனது. சின்ன விஷயம் என்று நாம் தள்ளுவது பிள்ளைக்கு எவ்வளவு பெரியது என்பதை அந்த நீதிமன்றம் புரிந்துகொண்டது.

அங்கே விளையாட்டுத் திடலில் இதன் பலனை எண்ணியே பார்க்கலாம். சட்டம் வருவதற்கு முந்திய ஆண்டில் உயர்நிலைப் பள்ளி அணிகளில் விளையாடிய பெண்கள் மூன்று லட்சத்துக்கும் குறைவு. இப்போது முப்பது லட்சத்துக்கும் மேல். அமெரிக்காவை அப்படியே பார்த்து எழுதச் சொல்லவில்லை. அங்கே ஆட்சி மாறும்போதெல்லாம் இந்த விதிகளை மாற்றி மாற்றி எழுதிப் பிள்ளைகளைக் குழப்புகிறார்கள். அந்தச் சச்சரவு நமக்கு வேண்டாம். நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது ஒரு பெயரும் ஓர் எண்ணும் ஒரு காலக்கெடுவும்தான். இது நமக்குப் புதிதும் அல்ல. 2019-ஆம் ஆண்டின் திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டம், கல்வி நிலையங்களில் பாகுபாட்டைத் தடுத்ததோடு, ஒவ்வொரு நிறுவனமும் புகார் அலுவலர் ஒருவரை நியமிக்க வேண்டும் என்றது. திருநர் பிள்ளைகளும் பால் மாறுபட்ட பிள்ளைகளும் பள்ளியில் படும் அவமானத்தை நிறுத்த ஆசிரியர்களுக்குப் பயிற்சி வேண்டும் என்று 2021 ஜூனில் சென்னை உயர்நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் உத்தரவிட்டார். வழி நம் சட்டப் புத்தகத்துக்குள்ளேயே போடப்பட்டிருக்கிறது. அதை எல்லாப் பிள்ளைகளுக்கும் அகலப்படுத்தினால் போதும்.

அடுத்த மறுப்பு நம் வீடுகளிலிருந்து வருகிறது, அதில் அன்பும் கலந்திருப்பதால் அதைக் கவனமாகப் பேச வேண்டும். “காலம் கெட்டுக் கிடக்கிறது, பெண் பிள்ளையைக் கட்டுப்பாட்டோடு வைத்தால்தான் பாதுகாப்பு.” அதனால்தான் தனி வரிசை, தனிப் படிக்கட்டு, பையன்களோடு பேசத் தடை, சிறப்பு வகுப்புக்கு அவள் மட்டும் நிற்க வேண்டாம், மாவட்டப் போட்டிக்கு அவள் மட்டும் போக வேண்டாம். இந்த வாதத்தை உச்ச நீதிமன்றம் வேறோர் இடத்தில் சந்தித்திருக்கிறது. மது பரிமாறும் இடங்களில் பெண்கள் வேலை செய்யக் கூடாது என்ற பழைய பஞ்சாப் சட்டப் பிரிவை 2007-ல் அனுஜ் கார்க் வழக்கில் அது செல்லாது என்று அறிவித்தது. பாதுகாப்புத் தருவது அரசின் வேலை. அந்த வேலையைச் செய்யாமல், பாதுகாப்பு என்ற பெயரில் பெண்ணின் வாய்ப்பைப் பறிக்கக் கூடாது என்பது அதன் அடிப்படை. பள்ளிக்கு இது அப்படியே பொருந்தும். மாலை ஆறு மணிக்கு செவ்வாப்பேட்டை ரோடு ஸ்டேஷனில் இறங்கி நடக்கும் பாதையில் விளக்கு இல்லையென்றால் விளக்குப் போட வேண்டும். பிள்ளையின் சிறப்பு வகுப்பை நிறுத்துவது வழி ஆகாது. தொல்லை கொடுத்தவன் உள்ளே இருக்க, தொல்லைப்பட்டவளைப் பள்ளியை விட்டு நிறுத்துவதற்கு நாம் பாதுகாப்பு என்று பெயர் வைத்திருக்கிறோம். அது தண்டனை. செய்யாத தவறுக்கு அவள் அனுபவிக்கும் தண்டனை.

கல்யாண விஷயத்தில் இது இன்னும் கடுமையாகிறது. 2006-ஆம் ஆண்டின் சட்டம் பதினெட்டு வயதுக்கு முன் பெண்ணுக்குத் திருமணம் செய்வதைத் தடுக்கிறது. செய்தவர்களுக்குத் தண்டனை உண்டு. ஆனால் தாலி ஏறிவிட்ட பிள்ளை, அல்லது கருவுற்ற பிள்ளை, திரும்ப வகுப்புக்கு வந்தால்? “மற்ற பிள்ளைகள் கெட்டுப்போவார்கள்” என்கிறார்கள். முத்துலட்சுமி ரெட்டிக்கு எதிராகச் சொன்ன அதே வாக்கியம், ஒரு நூற்றாண்டு கழித்து, வேறு பிள்ளையின் மேல். அவளுக்கு ஒரு முறை தீங்கு செய்தது வீடு அல்லது வெளியாள். படிப்பை நிறுத்தி இரண்டாம் முறை தீங்கு செய்வது பள்ளி. பத்தாம் வகுப்பிலும் பன்னிரண்டாம் வகுப்பிலும் அவள் இருக்கை அவளுக்கே உரியது, யாரும் டி.சி.யை முன்வந்து எழுதக் கூடாது என்று மாநில அரசு தெளிவாக ஓர் ஆணை போட வேண்டும். அதை மீறியவர் பதில் சொல்ல வேண்டும்.

ஆசிரியர்களின் கவலையையும் நான் லேசாகத் தள்ளமாட்டேன். “மாணவி கையில் புகார் கொடுக்கும் அதிகாரம் போனால், மார்க் குறைத்ததற்கெல்லாம் புகார் எழுதுவார்கள், எங்கள் மானம் என்னாவது” என்கிறார்கள். பொய்ப் புகார் ஒரு மனிதரின் வாழ்க்கையை நொறுக்கிவிடும் என்பது உண்மை. ஆனால் இப்போது நடப்பதைப் பாருங்கள். முறை எதுவும் இல்லாதபோது இரண்டில் ஒன்றுதான் நடக்கிறது. பள்ளிக்குக் கெட்ட பேர் வந்துவிடும் என்று நான்கு பேர் உட்கார்ந்து பேசி அமுக்குகிறார்கள். அல்லது படம் பரவி, ஊர் திரண்டு, விசாரணை தொடங்குவதற்கு முன்பே ஆசிரியர் குற்றவாளி ஆகிவிடுகிறார். இரண்டிலும் உண்மை வெளிவருவதில்லை. புகாரை எழுத்தில் வாங்கி, அதன் நகலை ஆசிரியருக்குக் கொடுத்து, அவர் பதிலைக் கேட்டு, வெளியாள் ஒருவரையும் உட்காரவைத்து, குறித்த நாளுக்குள் முடிவு எழுதும் முறை, நேர்மையான ஆசிரியருக்குத்தான் முதல் கவசம். அமுக்குவதற்கு விலையும் உண்டு. குற்றம் நடந்தது தெரிந்தும் சொல்லாத நிறுவனத் தலைவருக்குப் போக்சோ சட்டத்தின் 21-ஆம் பிரிவில் ஓராண்டு வரை சிறை. 2024 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஒரு தனியார் பள்ளியில் போலி என்.சி.சி. முகாமில் மாணவிகளுக்கு நடந்த கொடுமையில், முகாம் நடத்தியவர் மட்டும் கைதாகவில்லை. வெளியே சொல்லாமல் மறைத்ததாகப் பள்ளி நிர்வாகத்தினரும் கைதானார்கள்.

இதெல்லாம் பெண் பிள்ளைகளுக்கு மட்டுமா என்று கேட்கும் தகப்பன்மார்களுக்கும் ஒரு சொல். மத்திய அரசின் பெண்கள் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 2007-ல் வெளியிட்ட ஆய்வில், பேசிய பிள்ளைகளில் 53.22 சதவீதம் பேர் ஏதோ ஒரு வகையில் பாலியல் தொல்லைக்கு ஆளானதாகச் சொன்னார்கள். அவர்களில் பாதிக்கும் சற்று மேற்பட்டவர்கள் ஆண் பிள்ளைகள். “ஆம்பளப் பையன் அழலாமா” என்ற வாக்கியம் அவர்கள் வாயைக் கட்டிப்போட்டிருக்கிறது. பிரம்படி அவனுக்கு அதிகம் விழுவதும், தையல் பிரிவு வேண்டும் என்று கேட்டால் அவனை வகுப்பே சிரிப்பதும் பால் பாகுபாடுதான். நான் கேட்கும் பெயரும் எண்ணும் காலக்கெடுவும் அவனுக்கும் சேர்த்துத்தான்.

இனி உங்களிடம் ஒரு வேண்டுகோள். கல்வி உரிமைச் சட்டத்தின்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், மொத்தத்தில் பாதி பெண்கள். அதாவது அந்த அறையில் பெரும்பான்மை நீங்கள். அடுத்த கூட்டத்துக்குப் போங்கள். சுற்றுச்சுவரும் குடிநீர்த் தொட்டியும் முக்கியம்தான், அவற்றைப் பேசுங்கள். பிறகு இதைக் கேளுங்கள்: பெண் பிள்ளை கழிப்பறையின் தாழ்ப்பாள் வேலை செய்கிறதா, மாணவர் மனசுப் பெட்டியின் சாவி யாரிடம், கடைசியாக அதை எந்தத் தேதியில் திறந்தார்கள், பாதுகாப்புக் குழுவின் உறுப்பினர்கள் யார் யார்? அவர்களில் ஒருவர் பெயரையும் எண்ணையும், எத்தனை நாளில் பதில் என்பதையும், ஆறாம் வகுப்புப் பிள்ளையின் கண் உயரத்தில், கழிப்பறைக்குப் போகும் வழியில், யாரும் பார்க்காமல் நின்று படிக்கக்கூடிய இடத்தில் எழுதி வைக்கச் சொல்லுங்கள். தீர்மானப் புத்தகத்தில் அது ஏறிய பிறகு கையெழுத்துப் போடுங்கள். அது ஏறும் வரை கையெழுத்துப் போடாதீர்கள்.